மதிற்சுவரில் ஏறிய வாசகம்

1

இந்த விவகாரம் தொடங்கியபோது ஊரில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுவதே முறை. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்து, துறைத்தலைவராக ஓய்வு பெற்றவன் நான். இலக்கணத்தோடு குறியியலையும் பாடமாக நடத்தியிருக்கிறேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினனாக இருந்ததில்லை. எந்தத் தலைவர் வந்தாலும் மேடையேறித் துண்டு போட்டதில்லை, போட்டுக்கொண்டதும் இல்லை. வேட்டி வாங்கும்போதுகூடக் கரையில் எந்தக் கட்சியின் நிறமும் வந்துவிடக் கூடாதென்று கடைக்காரரைக் கட்டுக்கட்டாகப் பிரித்துக் காட்டச் சொன்னவன். என் மனைவி இதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் அவளுக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் வேட்டிக் கரை பேசும் என்று.

சேரன்மகாதேவிக்கு மேற்கே, ஆற்றங்கரையில் எங்கள் ஊர். பெண்கள் குளிக்கும் படித்துறைக்குச் சற்று மேலே ஊர்ச் சாக்கடை தாமிரபரணியில் வந்து கலக்கிறது. அதைத் திருப்பிவிட வேண்டும் என்பதற்காகவே ஆற்றுக் குழு ஒன்றை அமைத்தோம். ஊரின் இரு பெரிய கட்சிகளைச் சேர்ந்தவர்களும் அதில் உறுப்பினர்கள். கல்யாண வீட்டில்கூட ஒரே பந்தியில் உட்காராதவர்கள் எங்கள் குழுவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் ஒன்றுதான். தலைவர் நாற்காலியில் இருந்தவன் எந்தப் பக்கத்தையும் சேராதவன்.

மனைவி காலமான பின் மகள் மீனாவோடு மெல்போர்ன் வந்து சேர்ந்தேன். விலகல் கடிதம் கொடுத்தேன். இரு தரப்பும் ஏற்க மறுத்துவிட்டன. அன்றுமுதல் மாதம் ஒருமுறை, மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்து, கணினித் திரை வழியாக அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தேன்.

2

மனைவியின் முதலாண்டு நினைவு நாள் நெருங்கியது. மூட்டு அறுவை செய்துகொண்டு அதிக நாள் ஆகாததால் மருத்துவர் பயணத்துக்கு அனுமதி தரவில்லை. ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவன் என் மனைவியின் தம்பி இசக்கிமுத்து. உறவினர்கள் வந்து இலைபோட்டுச் சாப்பிட்டுப் போகும் நாளில் வீட்டு மதில் பாசி பிடித்து நிற்கக் கூடாது, தெருப்பக்கம் முழுவதற்கும் நல்ல சுண்ணாம்பாக அடித்துவிடு என்று சொன்னேன். அடித்தான். படமும் அனுப்பினான். வெயிலில் அந்தச் சுவர் கண்ணைக் கூசச் செய்தது. மனநிறைவோடு இருந்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள், இங்கே பிற்பகல், அங்கே காலை. இசக்கி அழைத்தான்.

"அத்தான், சொவர்ல எழுதிப்புட்டானுவ."

"யார்?"

"கட்சிப் பயலுவதான். விடிஞ்சு பாத்தா முழுச் சொவரையும் வளைச்சு எழுதிருக்கானுவ. சுத்தி கொடிக் கலர்ல பார்டர் வேற கட்டிருக்கானுவ."

"என்ன எழுதியிருக்கிறார்கள்?"

"நீங்க சொன்னதத்தான் எழுதிருக்கானுவ அத்தான்."

படம் வந்தது. 'தண்ணீருக்குக் கட்சி இல்லை' என்று ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது. சொற்களுக்கு இடையில் இடைவெளி விடாமல் ஒட்டி, முன்னால் ஹேஷ்டேக் குறி போட்டு, கீழே கட்சியின் பெயர்.

அது என் வாக்கியம்தான். முந்தைய கூட்டத்தில், குழாய் யார் தெருவுக்கு முதலில் வந்தது என்று இரு தரப்பும் சண்டைக்கு நின்றபோது, இருவரையும் கண்டித்து நான் சொன்னது. அந்தக் கூட்டத்தின் காணொளிப் பதிவில் அந்த ஒரு துண்டை மட்டும் யாரோ வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ஓடி, ஹேஷ்டேக்காகி, கடைசியில் என் வீட்டு மதிலிலேயே வந்து ஏறியிருக்கிறது.

"நீ அங்கேதானே இருக்கிறாய்? போய்க் கேட்டாயா?"

"கேக்காம இருப்பனா? 'சொவர வெள்ளையடிச்சு வச்சிருக்கியளே, எங்களுக்குத்தான்னு நெனச்சோம்'னு சொல்லுதானுவ. நான் என்னத்த சொல்ல?"

வெளியூர் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. எங்கள் பக்கத்தில் தேர்தல் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே சுவர் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். தெருவைப் பார்த்த சுவருக்கு வெள்ளையடித்து, மூலையில் கட்சியின் பெயரைச் சுருக்கி எழுதி, பக்கத்தில் ஆண்டையும் போட்டுவிட்டால் அந்தச் சுவர் அவர்களுடையது. தேர்தல் முடியும்வரை மற்றவன் அதில் கை வைக்க மாட்டான். சட்டம் அல்ல, ஆனால் சட்டத்தைவிட ஒழுங்காக நடக்கும். ஆகவே வெள்ளையடித்து, மூலையில் எந்தப் பெயரும் இல்லாமல் நிற்கும் சுவர் என்றால், 'வரலாம்' என்று பொருள். இதை அறிந்த வீட்டுக்காரர்கள் அந்தப் பருவத்தில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க மாட்டார்கள். பாசியோடு விட்டுவைத்து, ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் ஆளைக் கூப்பிடுவார்கள். என் தந்தையார் அப்படித்தான் செய்தார். நானும் அப்படித்தான் செய்து வந்தேன்.

மெல்போர்னில் உட்கார்ந்திருந்தவன் நினைவு நாளைக் கணக்கில் வைத்திருந்தான். தேர்தல் பருவத்தை வைக்கவில்லை. ஊரில் இருப்பவனுக்குப் பருவம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆட்டோவில் ஒலிபெருக்கி போகும், டீக்கடையில் குரல் ஏறும். இங்கே எங்கள் தெருவில் காலையில் காதில் விழுவது குப்பை வண்டியின் சத்தம் ஒன்றுதான். வெள்ளையடிக்கச் சொன்னது நான். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

3

குறியியலின் முதல் வகுப்பில் மாணவர்களுக்கு நான் வேப்பிலையைக் காட்டிப் பாடம் சொல்வது வழக்கம். ஒரு வீட்டு நிலைப்படியில் மட்டும் வேப்பிலை செருகியிருந்தால் உள்ளே யாருக்கோ அம்மை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கிப் போவீர்கள். அதே வேப்பிலை தெரு நெடுகத் தோரணமாகத் தொங்கினால் அம்மன் கோயில் கொடைத் திருவிழா; சட்டையை மாற்றிக்கொண்டு வருவீர்கள். இலை மாறவில்லை. அது எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, எத்தனை வாசலில் இருக்கிறது என்பதுதான் மாறியது. கண்ணுக்குத் தெரிவது குறிப்பான். மனத்தில் எழுவது குறிப்பீடு. இவை இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு ஊராரின் கையில் இருக்கிறது, இலையிடம் இல்லை.

அரசியல் முழக்கமும் அப்படியே. 'வாழ்க' என்ற சொல் தனியாக நின்று எதையும் தெரிவிப்பதில்லை. எதிர்த் தெருவில் எவனோ 'ஒழிக' என்று சொல்லக் காத்திருப்பதால்தான் அதற்கு உயிர். முழக்கம் போடுகிறவன் ஒரு செய்தியை அறிவிக்கவில்லை. தான் எந்த வரிசையில் நிற்கிறான் என்று காட்டுகிறான். ஆகையால் ஒரு முழக்கத்தின் பொருள் என்ன என்று கேட்பவன் அகராதியைப் புரட்டிப் பயனில்லை. யார் சொன்னது, எந்தச் சுவரில், யாரைப் பார்த்து என்று விசாரிக்க வேண்டும்.

என் வாக்கியத்துக்கு நேர்ந்ததை இதன்படி விளக்கலாம். நான் சொன்னபோது கேட்டவர்கள் இரு தரப்பு. ஆகவே அது இருவருக்குமான கண்டனம். சுவருக்குப் போனதும் கொடி நிறம் அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. எங்கள் வார்டு உறுப்பினர் எதிர்த்தரப்புக்காரர். தம் ஆட்கள் தெருவுக்கே முதலில் குழாய் போட்டார் என்ற பேச்சு ஏற்கெனவே உண்டு. அந்தச் சூழலில் 'தண்ணீருக்குக் கட்சி இல்லை' என்பதற்கு 'நீ கட்சி பார்த்துத் தண்ணீர் கொடுத்தவன்' என்று பொருள். ஓர் எழுத்துகூட மாறவில்லை. கட்சி வேண்டாம் என்ற வாக்கியமே கட்சிச் சொத்தாகிவிட்டது. மறுநாள் எதிர்த்தரப்பும் அதே ஹேஷ்டேக்கை எடுத்து, சுவரில் எழுதிய கட்சிக்காரர் ஒருவர் தண்ணீர் லாரி முன் நிற்கும் படத்தைப் போட்டுக் கேலி செய்தது. இரண்டுமே என் வாக்கியத்தின் கீழ் வரிசையாக ஏறி நின்றன.

ஹேஷ்டேக் குறியை இளைஞர்கள் ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்கிறார்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு அது புதிதல்ல. அது சுண்ணாம்பு. ஒரு சொற்றொடருக்கு முன்னால் அதைப் போட்டதும் அந்தச் சொற்றொடர் ஒரு வெள்ளைச் சுவராகிவிடுகிறது. வேறுபாடு ஒன்றுதான்: தெருச் சுவரைப் பிடித்தவனுக்கு உரிமை உண்டு, இந்தச் சுவரில் பிடித்தவனுக்கும் உரிமை இல்லை, சொன்னவனுக்கும் இல்லை.

என் பேத்தி அந்தப் படத்தைப் பார்த்தாள். தாத்தா வீடு என்று தெரிந்துகொண்டாள். மதிலில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது அந்த ஹேஷ்டேக் குறி ஒன்றுதான்.

4

அதே நாட்களில் இங்கேயும் ஒரு தேர்தல். ஒரு நாள் நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும்போது எங்கள் வேலியில் ஒரு பலகை நிற்கிறது. சிரித்த முகத்தோடு ஓர் அம்மையார், கீழே கட்சியின் பெயர். வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று கதவிலக்கத்தைப் பார்த்தேன். எங்கள் வீடேதான்.

"மீனா, வேலியில் இது என்ன?"

"போர்டுப்பா. ஸ்கூல் கிட்ட ரோடு கிராஸ் பண்ண சிக்னல் வாங்கித் தாரேன்னு சொல்லியிருக்காங்க. வைக்கலாமான்னு கேட்டாங்க. சரின்னுட்டேன்."

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"உங்களுக்குத்தான் இங்க ஓட்டே கிடையாதேப்பா."

"ஓட்டு இல்லை. பெயர் இருக்கிறது. இந்த வீட்டில் நான் குடியிருக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்பா, ஊர்ல மாமாவ யாரும் ஒரு வார்த்த கேக்கல. இங்க என்னக் கேட்டுட்டுத்தான் வச்சாங்க. எலெக்‌ஷன் முடிஞ்ச மறுநாள் அவங்களே வந்து கழட்டிட்டுப் போயிருவாங்க. அதுவும் இதுவும் ஒண்ணாப்பா?"

"ஒன்றல்ல. ஆனால் தெருவில் போகிறவனுக்கு இரண்டும் ஒரே செய்திதான்."

"இங்க தெருவுல போறவன் யாரும் நின்னு பாக்கவே மாட்டான்பா."

அது உண்மை. எதிர்வீட்டு வேலியில் வேறு கட்சியின் பலகை இருந்தது. அந்த வீட்டுக்காரர் வழக்கம்போல எங்களுக்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். பலகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இங்கே பலகை அந்த மாதத்தோடு முடிகிறது. எங்கள் ஊரில் சுவரில் ஏறிய நிறம் குடும்பத்தின் மேல் ஏறி, பேரன் பெண் பார்க்கப் போகும்போதும் கூடவே போகும். மகளுக்கு இதை விளக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவள் வாழும் இடத்தின் குறிகளை அவள் சரியாகத்தான் படிக்கிறாள். எனக்குத்தான் இரண்டு ஊர்.

5

குழுவின் செயலாளர் சேவியர், ஓய்வு பெற்ற வங்கி அலுவலர். அவர் அழைத்தபோது குரலில் சிரிப்பு இல்லை. குழுவில் எதிர்த்தரப்புக்கு முன்னின்று பேசும் பேச்சியப்பனைப் பற்றித்தான் பேச்சு.

"அண்ணாச்சி, பேச்சியப்பன் ஆளுங்க இனிமே வரமாட்டாவளாம். 'தலைவரு சொவரே அவனுவ சொவராப் போச்சு, நாங்க எதுக்கு வரணும்'ங்காவ. கலெக்டருக்குக் கொடுக்குற மனு ரெடியா இருக்கு. அவங்க கையெழுத்து இல்லாமப் போனா இது ஒரு கட்சி மனுவாயிரும். தூக்கி மூலைல போட்டுருவாங்க."

ஆக, கேள்வி என் மதிலோடு நிற்கவில்லை. என் பெயரில் கறை விழுந்தால் சாக்கடை ஆற்றிலேயே விழுந்துகொண்டிருக்கும். வரும் ஞாயிறு கூட்டத்துக்கு எல்லோரும் வந்தே ஆக வேண்டும், அதன் பிறகு யார் எங்கே போனாலும் போகட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

வந்தார்கள். திரையில் ஒரு மூலையில் பேச்சியப்பன், கையைக் கட்டிக்கொண்டு.

"அய்யா மேல எனக்கு மரியாத உண்டு," என்று தொடங்கினார். "ஆனா ஒண்ணு கேக்குதேன். தேர்தல் நேரத்துல சொவர வெள்ளையடிச்சு வச்சுட்டு, எவனும் எழுதக் கூடாதுன்னா எப்படி? எலையப் போட்டு ஒக்காந்துட்டு, சோறு வைக்காதீங்கன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு?"

சிலர் சிரித்தார்கள். எழுதிய கட்சியின் கிளைச் செயலாளர் அடுத்து வந்தார். "நாங்க என்ன பொய்யவா எழுதினோம்? வாத்தியாரய்யா சொன்னத அப்படியே எழுதினோம். அவருக்குப் பெருமதான வே!"

"பெருமையா? ஒம்ம கட்சிப் பேர கீழ போட்டதும் பெருமையா வே?" என்றார் பேச்சியப்பன்.

"சரி, அழிச்சிருதோம். திருப்பி வெள்ளையடிச்சிருதோம்."

"அடியுங்க. அடிச்ச மறுநாள் நாங்க எழுதுதோம். அதான் நியாயம்."

இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். மீண்டும் வெள்ளையடித்தால் மீண்டும் 'வரலாம்' என்று பொருள். தாரைப் பூசினால் எதையோ மறைக்கிறான் என்று பொருள். காவியும் வெள்ளையுமாகப் பட்டை போட்டால் கோயில் மதில். 'இங்கு எழுதக் கூடாது' என்று எழுதினால் நானே முதலில் எழுதியவன் ஆவேன். பாடம் நடத்திய காலத்தில் குறியே இல்லாத பரப்பு என ஒன்று கிடையாது என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று அது எனக்கே சொல்லப்பட்டது. ஆகையால் எந்தக் குறியையும் தவிர்க்க முயலவில்லை. எதைச் சுமப்பது என்று மட்டும் முடிவு செய்தேன்.

"காரையை உரித்துவிடுவோம்," என்றேன். "செங்கல் தெரியும்வரை. செங்கல்லில் உங்கள் பிரஷ் ஓடாது."

இசக்கி சேவியருக்குப் பின்னால் நின்றிருந்திருக்கிறான். முன்னால் வந்துவிட்டான்.

"அத்தான், வேண்டாம் அத்தான். காரை உரிஞ்ச சொவரோட நின்னா வீடு நொடிஞ்சுட்டுன்னுல்லா பேசுவாவ! மழைல செங்கல் ஊறிப் போவும். அக்கா இருந்தா சம்மதிப்பாளா?"

"உன் அக்கா இருந்திருந்தால் தேர்தலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்கவே விட்டிருக்க மாட்டாள்."

பேச்சியப்பன் கட்டியிருந்த கையை இறக்கினார். "நெசமாவே உரிக்கப் போறியளா அய்யா?"

"உரித்த சுவரை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்," என்றேன்.

6

உரிக்கும்போது கட்சிப் பிள்ளைகள் வந்து மறித்தால் உரிமையாளரின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும் என்றார் சேவியர். இசக்கிக்கு ஓர் அதிகாரக் கடிதம், அதற்குச் சான்றொப்பம். முதலில் இங்கே நூலகத்தில் வந்து உட்காரும் சான்றொப்பமிடுபவரிடம் போனேன். ஆங்கிலக் கடிதத்தில் நான் 'காம்பவுண்டு சுவர்' என்று எழுதியிருந்தேன். ஊரில் எல்லோரும் சொல்லும் சொல். ஆங்கிலம் என்றே இத்தனை காலம் நம்பியிருந்தேன். அவருக்கு அது முள்வேலி போட்ட முகாமாகத் தெரிந்தது. உள்ளே யாரை அடைத்துவைத்திருக்கிறீர்கள் என்று கவலையோடு கேட்டார். விளக்கி முடித்ததும், வெளிநாட்டுச் சொத்துக்குத் தம் முத்திரை செல்லாது, இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போங்கள் என்றார்.

தூதரகத்தில் என் கடவுச்சீட்டின்படி குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் தந்தையாரின் பெயர் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்குப் பதிலாக நான் எழுந்து நிற்பதுபோல் இருக்கும். அன்று முதுகை நிமிர்த்தி எழுந்து போனேன். வீட்டுப் பத்திரத்தில் என் பெயர் ஒரு விதம், கடவுச்சீட்டில் வேறு விதம். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு ஓர் உறுதிமொழி வேண்டுமென்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனேன். வாங்கிக்கொண்டுதான் வந்தேன். மகள் காரை ஓட்டினாள். "இந்தச் சொவருக்காகவாப்பா?" என்று ஒருமுறை கேட்டாள். "ஆமாம்," என்றேன். அதன் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறுபடியும் போக வேண்டியிருந்த நாளில் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

கொத்தனார் உளியோடு வந்த காலையில் நான் திரையில் இருந்தேன். எதிர்பார்த்தபடியே எழுதிய பிள்ளைகள் சிலர் வந்து நின்றார்கள். "ஒங்க வாத்தியாரு சொன்ன வார்த்தையையே ஒடைக்கியளே, அண்ணாச்சி!" என்று ஒருவன் இசக்கியைச் சீண்டினான்.

இசக்கி கடிதத்தை எடுத்து நீட்டினான். "வார்த்த அவருது, சொவரும் அவருது. நீ பைய நடையக் கட்டுலே."

என் மைத்துனன் அவ்வளவு கம்பீரமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. உளியின் கீழ் முதலில் நிறம் போனது, பிறகு எழுத்து, பிறகு என் தந்தையார் காலத்துப் பூச்சு. பழைய சிவப்புச் செங்கல் வெளியே வந்தது. பார்க்க நன்றாக இல்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

பேச்சியப்பன் மாலையில் வந்து, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனதாக இசக்கி சொன்னான். அடுத்த ஞாயிறு இரு தரப்பும் அதே பெஞ்சில் உட்கார்ந்து மனுவில் கையெழுத்திட்டன. மனு போய்ச் சேர்ந்திருக்கிறது. பதில் வரவில்லை, வரும்வரை கேட்டுக்கொண்டிருப்போம். அந்த ஹேஷ்டேக் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அதைத் திரும்பப் பெற நான் முயலவில்லை. அது என் அதிகாரத்தில் இல்லை.

ஊரில் இப்போது வேறு பேச்சு. மெல்போர்னில் மருமகனுக்கு வேலை போய்விட்டதாம். மகள் வீட்டில் எனக்கு ஒத்துவரவில்லையாம். பராமரிக்க வழியில்லாமல் மதில் பூச்சு உதிர்ந்து கிடக்கிறதாம். வீட்டை விற்க ஆள் பார்க்கிறேனாம். உறவினர் இருவர் தொலைபேசியில் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்கள். எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். மருமகன் வேலையில் இருக்கிறார். மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு விற்பனைக்கு இல்லை. பூச்சு உதிரவில்லை, நான் கூலி கொடுத்து உரிக்கச் சொன்னேன்.